ஜேம்ஸ் நாஸ்மித்: ஒரு ஃபவுண்டர் தன் கதையைத் தானே சொல்லும்போது

இன்னைக்கு ஒரு ஃபவுண்டரைப் பத்திப் பேசப்போறோம். அந்த வார்த்தையைக் கேட்டதும் ஆப், ஃபண்டிங்னு மனசு ஓடும். இவர் செஞ்சது இரும்பு வேலை. "இந்த அளவுல ஒரு அச்சு வேணும்", "எங்க மில்லுக்கு இந்த மாதிரி ஒரு இன்ஜின் வேணும்"னு ஆளுங்க வந்து கேட்பாங்க. இவர் படம் வரைஞ்சு, வார்த்து, கடைஞ்சு, பூட்டிக் கொடுப்பார். இன்னைக்கு நாம ஜாப் ஆர்டர், ஃபேப்ரிகேஷன்னு சொல்ற அதே தொழில்தான். காலம் 1830-கள். இடம் இங்கிலாந்தில் மான்செஸ்டர். பேரு ஜேம்ஸ் நாஸ்மித்.

மான்செஸ்டர்ல தொழில் தொடங்கும்போது அவர் கையில் இருந்தது 63 பவுண்டு. 48 வயசுல, சம்பாதிச்சது போதும்னு தொழிலை விட்டு விலகிட்டார். அப்புறம் பல வருஷம் கழிச்சு, 1883-ல், அவரோட சுயசரிதை வந்தது. தொழிலை எப்படி வளர்த்தேன்னு ஒரு முதலாளி தானே உட்கார்ந்து சொன்ன ஆரம்பகாலப் புத்தகங்களில் அது ஒண்ணு. படிக்கவும் ரொம்ப சுவாரசியமா இருக்கும்.

ஆனா அதே மனுஷன் தன் தொழிலின் வளர்ச்சியைப் பத்தி இன்னொரு இடத்துலயும் பேசியிருக்கார். 1868-ல், தொழிற்சங்கங்களை விசாரிச்ச அரசு ஆணையத்தின் முன்னாடி. அங்கே அவர் சொன்ன கணக்கு வேற மாதிரி. இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கிறதுதான் இன்னைக்கு எபிசோட்.

படுக்கையறையில் ஒரு உலை

நாஸ்மித் பிறந்தது 1808-ல், ஸ்காட்லாந்தில் எடின்பர்க். அப்பா அலெக்சாண்டர் நாஸ்மித் பெரிய ஓவியர். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸோட முகம்னு இன்னைக்கு உலகம் அடையாளம் காணும் படத்தை வரைஞ்சது அவர்தான். ஓவியரா இருந்தாலும் வீட்டுக்குள்ளேயே ஒரு சின்ன பட்டறை வெச்சிருந்தார்.

அந்தப் பட்டறையில்தான் ஜேம்ஸ் வளர்ந்தான். 12 வயசுல பள்ளிக்கூடத்தை விட்டுட்டான். கூடப் படிச்ச ஒரு பையனோட அப்பா இரும்பு வார்ப்படச் சாலை வெச்சிருந்தார். சாயங்காலம் ஆனா அங்கேதான் பழி கிடப்பான். வார்க்கிறதை, அடிக்கிறதை, கடையிறதைப் பார்த்துப் பார்த்தே கத்துக்கிட்டான். வீட்டுல தன் படுக்கையறைக் கணப்பையே உலையாக்கி பித்தளை வார்த்தான். 20 வயசுக்குள்ள, ரோட்டில் ஓடுற ஒரு நீராவி வண்டியே செஞ்சுட்டான். எட்டுப் பேர் உட்கார்ந்து போகலாம்.

இதுல ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கோங்க. அந்தக் காலத்துல ஒருத்தர் மெக்கானிக் ஆகணும்னா முறைப்படி ஏழு வருஷம் அப்ரண்டிஸா இருக்கணும். நாஸ்மித் அப்படி இருந்ததே இல்லை. பின்னாடி இது பெரிய பிரச்சனையோட வேரா வரும்.

மாட்ஸ்லேயின் பட்டறை

1829-ல் நாஸ்மித் லண்டன் போனார். அவர் மனசுல இருந்தது ஒரே ஒரு இடம்: ஹென்றி மாட்ஸ்லேயின் தொழிற்சாலை. உலோக வேலையில் அந்தக் காலத்துக்கு அதுதான் உச்சம்.

மாட்ஸ்லே ஏன் முக்கியம்? அதுவரை லேத்தில் வேலை செய்றவர் கடைசல் உளியைத் தன் கையால பிடிச்சு, சுத்துற இரும்பு மேல அழுத்துவார். வேலை எவ்வளவு துல்லியமா வரும்ங்கிறது அந்தக் கையைப் பொறுத்தது. மாட்ஸ்லே அந்த உளியை ஒரு இரும்புத் தாங்கியில் பூட்டி, திருகாணியால முன்னும் பின்னும் நகரும்படி செம்மைப்படுத்தினார். ஸ்லைடு ரெஸ்ட்னு பேரு. இந்த யோசனை அவருக்கு முன்னாடியும் சிலருக்கு வந்ததுதான். ஆனா அன்றாட வேலைக்கு நம்பி இறங்கலாம்ங்கிற தரத்துக்குக் கொண்டுவந்து பரப்பினது அவர் பட்டறை. உளியைப் பிடிச்சிருந்த கை இப்போ கைப்பிடியைச் சுத்தினா போதும். துல்லியம் மெஷினுக்குள்ள போயிடுச்சு.

மாட்ஸ்லே அப்போ பணம் வாங்கிக்கிட்டு பயிற்சியாளர்களைச் சேர்க்கிறதை நிறுத்தியிருந்தார். நாஸ்மித் தான் செஞ்ச சின்ன நீராவி இன்ஜினையும், வரைஞ்ச படங்களையும் காட்டினார். அதைப் பார்த்துட்டு மாட்ஸ்லே அவரைத் தன் சொந்தப் பட்டறையில் உதவியாளரா வெச்சுக்கிட்டார். முறையான அப்ரண்டிஸா இல்லை, கூட நின்னு வேலை செய்ற ஆளா.

சம்பளம் வாரத்துக்கு 10 ஷில்லிங். அதுக்குள்ளேயே குடும்பத்துக்குப் பாரமில்லாம வாழ்ந்து காட்டணும்னு ஒரு வைராக்கியம். தகரத்துல ஒரு சமையல் அடுப்பை அவரே வடிவமைச்சார். அடியில் ஒரு எண்ணெய் விளக்கு. வேலைக்குக் கிளம்பும்போது ஏத்தி வெச்சுட்டுப் போனா, திரும்பி வரும்போது கறி பதமா வெந்திருக்கும். ஸ்லோ குக்கர்!

அங்கே அவர் செஞ்ச ஒரு வேலை கவனிக்க வேண்டியது. ஒரு இன்ஜின் மாதிரிக்கு நிறைய சின்னச் சின்ன அறுகோண நட்டுகள் தேவைப்பட்டது. ஒவ்வொரு நட்டுக்கும் ஆறு பக்கம். ஒவ்வொண்ணையும் அரத்தால ராவணும். நாஸ்மித் ராவலை. நட்டோட பக்கங்களை வெட்டித் தர்ற ஒரு மெஷினைச் செஞ்சார். அவரோட தொழில் வாழ்க்கை முழுக்க இந்தப் புத்தி தொடரும்: ஒரே வேலையைக் கை திரும்பத் திரும்பச் செஞ்சுட்டிருந்தா, அந்த வேலை மெஷினுக்குப் போகணும்.

சாஃப்ட்வேர் எழுதுறவங்களுக்கு இது நல்லா புரியும். ஒரே வேலையை மூணாவது தடவை செய்யும்போது ஒரு ஸ்கிரிப்ட் எழுதத் தோணும் இல்லையா, அதேதான்.

மாடியிலிருந்து கீழே

1831-ல் மாட்ஸ்லே இறந்தார். நாஸ்மித் எடின்பர்க் திரும்பினார். தன் சொந்தத் தொழிலுக்குத் தேவையான லேத், பிளேனிங் மெஷின் எல்லாத்தையும் தானே செஞ்சுக்கிட்டார். செலவுக்கு வெளி ஆர்டர்களை எடுத்தார். கஸ்டம் வேலைல வர்ற காசைப் போட்டு சொந்த டூல் செய்றது. பூட்ஸ்ட்ராப்பிங்னு இன்னைக்கு இதுக்குப் பேரு வெச்சிருக்கோம்.

1834-ல் மான்செஸ்டர். பஞ்சாலைகள் பெருகிக்கிட்டிருந்த ஊர். ஆலை இருந்தா இன்ஜின் வேணும், இன்ஜின் இருந்தா ரிப்பேர் வேணும். டேல் ஸ்ட்ரீட்ல ஒரு பழைய ஆலைக் கட்டடத்தின் மாடியை வாடகைக்கு எடுத்தார்.

இங்கே கிராண்ட் சகோதரர்கள் வர்றாங்க. மான்செஸ்டர்ல பெரிய வியாபாரிகள். சார்லஸ் டிக்கன்ஸ் 'நிக்கோலஸ் நிக்கிள்பி' நாவலில் படைச்ச நல்ல மனசுக்காரச் சகோதரர்களுக்கு இவங்கதான் மூலம்னு சொல்வாங்க. இந்த இளைஞனைச் சந்திச்சதும் அவங்களுக்குப் பிடிச்சுப்போச்சு. வாரக் கடைசியில் கூலி கொடுக்கக் காசு இல்லைன்னா 500 பவுண்டு வரைக்கும் எடுத்துக்கோ, 3 சதவீத வட்டி, ஜாமீன் எதுவும் வேண்டாம்னு சொன்னாங்க. 63 பவுண்டு வெச்சிருந்தவருக்கு 500 பவுண்டு கடன் வசதி! தன் முயற்சியால முன்னேறின கதைகளில் இந்த மாதிரி வரிகளைத் தேடிப் படிங்க. கடனா எடுத்தாரா இல்லையாங்கிறது ரெண்டாவது. விழுந்தா பிடிக்க ஒரு கை இருக்குன்னு தெரிஞ்சா, ஆர்டர் எடுக்கிற தைரியமே வேற.

ஆர்டர் குவிஞ்சது. மாடித் தளத்தில் பாரம் ஏறிக்கிட்டே போச்சு. கீழ்த்தளத்தில் கண்ணாடி வெட்டுற ஒருத்தர் குடியிருந்தார். ஒருநாள் மாடியில் 20 குதிரைத்திறன் இன்ஜின் ஒண்ணைக் கழட்டி அனுப்பிட்டிருந்தாங்க. அதோட பெரிய இரும்பு உத்திரத்தின் ஒரு முனை தளத்தைப் பொத்துக்கிட்டுக் கீழே இறங்கிடுச்சு. கீழே கண்ணாடிச் சாமான். மேலே இரும்பு. வீட்டுக்காரர் வந்து, தயவுசெஞ்சு வேற இடம் பாருங்கன்னு சொல்லிட்டார்.

ஒரே வரிசையில் ஒரு ஃபாக்டரி

நாஸ்மித் இடம் பார்க்கப் போனது மான்செஸ்டருக்கு மேற்கே இருந்த பாட்ரிகிராஃப்ட். ஒரு பக்கம் பிரிட்ஜ்வாட்டர் கால்வாய். இன்னொரு பக்கம் 1830-ல் திறந்த லிவர்பூல்-மான்செஸ்டர் ரயில் பாதை. நல்ல ரோடும் உண்டு. ஆறு ஏக்கரை 999 வருஷக் குத்தகைக்கு எடுத்தார். அங்கே கிடைச்ச களிமண்ணையே செங்கல்லா அறுத்துக் கட்டடம் கட்டினார். 1836-ல் பிரிட்ஜ்வாட்டர் ஃபவுண்டரி ஆரம்பமாச்சு.

அதே சமயத்துல ஹோல்ப்ரூக் காஸ்கெல் கூட்டாளியா வந்தார். கணக்கு, கடிதம், பணம் எல்லாம் அவர் பார்த்துக்கிட்டார். டிசைனும் பட்டறையும் நாஸ்மித். இன்னைக்கு சிஇஓ, சிடிஓன்னு பிரிக்கிற மாதிரி.

கட்டடங்களை அமைச்ச விதத்தைப் பாருங்க. எல்லாத்தையும் ஒரே வரிசையில் வெச்சார். பொருள் ஒரு முனையில் நுழையும், அடுத்தடுத்த வேலை முடிஞ்சு மறுமுனையில் மெஷினா வெளியே வரும். ஹென்றி ஃபோர்டுக்கு எழுபது வருஷத்துக்கு முன்னாடி!

தொழிலின் போக்கும் இங்கேதான் மாறுது. கஸ்டம் வேலையின் பிரச்சனை என்ன? ஒவ்வொரு ஆர்டரும் புதுசு. புதுப் படம், புது அச்சு, புதுத் தவறு. ஒவ்வொண்ணையும் நல்லா முடிக்க கைதேர்ந்த ஆள் வேணும். ஆர்டர் ரெண்டு மடங்கானா, அந்த மாதிரி ஆளும் ரெண்டு மடங்கு வேணும். அவங்க சந்தையில் கிடைக்க மாட்டாங்க. கிடைச்சாலும் கூலி அதிகம்.

நாஸ்மித் ரெண்டு வழியில் இதை உடைச்சார். ஒண்ணு, லேத், பிளேனிங் மெஷின் மாதிரி எல்லாப் பட்டறைக்கும் தேவையான டூல்களை, ஆர்டருக்குக் காத்திருக்காம முன்கூட்டியே செஞ்சு வெச்சு வித்தார். சர்வீஸ் கம்பெனி புராடக்ட் கம்பெனியா மாறுற கணம் அது. ரெண்டு, கைத்திறமை அதிகம் தேவைப்பட்ட வேலைகளுக்கு மெஷின் கண்டுபிடிச்சார். 1836-லேயே அவர் செஞ்ச ஷேப்பர் மெஷின் ஒரு உதாரணம். சின்ன உலோகப் பாகங்களின் மேல்பரப்பை உளியும் அரமும் வெச்சு ஆள் சமன் பண்ணிட்டிருந்த வேலையை அது வாங்கிக்கிச்சு. ஷேப்பர் இன்னைக்கும் பழைய பட்டறைகளில் ஓடுது. இன்ஜினீயரிங் காலேஜ் ஒர்க்ஷாப்பில் நம்மில் பல பேர் அதைப் பார்த்திருப்போம்.

எல்லாக் கண்டுபிடிப்பும் லாபத்துக்கு மட்டும் இல்லைங்கிறதையும் சொல்லணும். அப்போ உருகின இரும்பை ஊத்துற பெரிய லேடிலை, நீளக் கம்பிகளை மாட்டி, பல ஆள் சேர்ந்து சாய்ப்பாங்க. ஒருத்தர் கால் தடுக்கினா போதும், உருகின இரும்பு கொட்டிடும். 1838-ல் நாஸ்மித் அதுல ஒரு வார்ம் கியரை மாட்டினார். ஒரே ஆள் சக்கரத்தைச் சுத்தி மெதுவா, பத்திரமா ஊத்தலாம். அதுக்கு அவர் காப்புரிமை வாங்கலை. யார் வேணும்னாலும் செஞ்சுக்கட்டும்னு விட்டுட்டார்.

வராத ஆர்டர், வந்த சுத்தியல்

1839-ல் ஒரு கடிதம் வருது. இஸம்பார்ட் புரூனல் 'கிரேட் பிரிட்டன்'னு ஒரு ராட்சத இரும்புக் கப்பல் கட்டிட்டிருந்தார். அதோட இன்ஜின் வேலையைப் பார்த்த ஃபிரான்சிஸ் ஹம்ஃப்ரிஸ், துடுப்புச் சக்கரத்தின் அச்சை அடிச்சுக் கொடுக்க நாட்டுல ஒரு உலைக்களமும் முன்வரலைன்னு எழுதினார். அவ்வளவு பெரிய அச்சு.

ஏன் முடியலை? அப்போ இருந்த பெரிய சுத்தியல்கள் நம்ம வீட்டுச் சுத்தி மாதிரியே, ஒரு முனையை அச்சாக்கித் தூக்கி விழற வகை. அடைகல் மேல வைக்கிற இரும்பு எவ்வளவு பெருசோ, சுத்தியல் விழற தூரம் அவ்வளவு குறையும். பலமான அடி வேணும்ங்கிற இடத்துலதான் பலவீனமான அடி கிடைக்கும்.

நாஸ்மித்தோட தீர்வு: சுத்தியலைத் தலைக்கு மேல நேரா தொங்கவிடு. மேலே ஒரு நீராவி உருளை. நீராவி சுத்தியலைத் தூக்கும், விட்டா நேரா விழும். அரை மணி நேரத்துல, 1839 நவம்பர் 24-ம் தேதி, தன் குறிப்பேட்டில் வரைஞ்சதா சொல்றார்.

அப்புறம் என்ன ஆச்சு? புரூனல் மனசை மாத்திக்கிட்டார். துடுப்புச் சக்கரம் வேண்டாம், பின்னாடி சுத்துற புரொபெல்லர் போதும்னு முடிவு பண்ணினார். அந்த அச்சுக்குத் தேவையே இல்லாமப் போச்சு. இரும்புத் தொழிலும் அப்போ மந்தம். சுத்தியல் படமாவே கிடந்தது.

பிரான்சில் லு குருசோ இரும்பாலையைச் சேர்ந்த ஷ்னைடரும், அவங்க இன்ஜினீயர் பூர்தோனும் ஒரு தடவை பாட்ரிகிராஃப்டுக்கு வந்தாங்க. நாஸ்மித் அப்போ ஊரில் இல்லை. காஸ்கெல் அவங்களுக்கு அந்தக் குறிப்பேட்டைக் காட்டினார்னு நாஸ்மித் சொல்றார். 1842-ல் நாஸ்மித் லு குருசோ போனார். ஒரு பெரிய கிராங்க் அச்சைப் பார்த்து, இதை எப்படி அடிச்சீங்கன்னு கேட்டார். உங்க சுத்தியலாலதான்னு பதில் வந்தது. தான் காகிதத்துல மட்டும் பார்த்திருந்த மெஷின் அங்கே நிஜமா நின்னு வேலை செஞ்சுட்டிருந்தது! ஓடி வந்து அந்த வருஷம் ஜூன் மாசமே காப்புரிமை எடுத்தார். பூர்தோனோ, அது என் சொந்த யோசனைன்னார். இந்தச் சண்டை இன்னும் முழுசா தீரலை.

கண்டுபிடிப்பு பெரிய வெற்றி. டன் கணக்கில் எடையுள்ள சுத்தியலை, ஒயின் கிளாஸில் வெச்ச முட்டையின் ஓட்டை மட்டும் உடைக்கும் அளவுக்கு மெதுவா இறக்கிக் காட்டுவாங்க. கிளாஸுக்கு ஒண்ணும் ஆகாது. இன்னைக்குன்னா அது வைரல் டெமோ.

அந்த வித்தையைச் சாத்தியமாக்கினது சுத்தியலோட வால்வ் அமைப்பு. அதைச் செம்மைப்படுத்தினதில் நாஸ்மித்கிட்ட வேலை பார்த்த ராபர்ட் வில்சனுக்குப் பெரிய பங்கு உண்டுன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. பொதுவா நாம கேட்கிற சுத்தியல் கதையில் ஒரு மேதை, ஒரு குறிப்பேடு, அரை மணி நேரம், இவ்வளவுதான் இருக்கும். வில்சன் இருக்க மாட்டார்.

ஏழு வருஷ விதி

இப்போ நான் மனசுல வெச்சுக்கச் சொன்ன அப்ரண்டிஸ் விஷயத்துக்கு வருவோம்.

பாட்ரிகிராஃப்ட் ஆரம்பிச்ச புதுசுலயே பிரச்சனை வந்தது. ஏழு வருஷம் அப்ரண்டிஸா இருந்தவங்களை மட்டும்தான் மெக்கானிக் வேலையில் வைக்கணும்னு சங்கம் சொன்னது. நாஸ்மித் முடியாதுன்னார். உள்ளூர்ல கூலியாளா வந்த கெட்டிக்கார ஆட்களை மெஷினில் ஏத்தி, திறமைக்கேத்தபடி உயர்த்திட்டிருந்தார் அவர். வேலைநிறுத்தம் ஆச்சு. ஸ்காட்லாந்து பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்து, அறுபதுக்கு மேல மெக்கானிக்குகளை வரவழைச்சு அதை முறியடிச்சார்.

அவர் பக்கத்து நியாயம் எனக்குப் புரியுது. அவரே ஏழு வருஷ அப்ரண்டிஸ் இல்லையே! அந்த விதியை அப்படியே வெச்சா, ஜேம்ஸ் நாஸ்மித்தே நாஸ்மித் பட்டறையில் மெக்கானிக்கா சேர முடியாது. திறமை இருக்கிறவனுக்குக் கதவு திறந்திருக்கணும், சான்றிதழ் தடையா இருக்கக் கூடாதுன்னு அவர் நம்பினார். டிகிரி இல்லாம கோடிங் கத்துக்கிட்டு வந்தவங்க இதைக் கேட்டா கைதட்டுவாங்க.

சங்கத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. ஒரு டர்னருக்கோ ஃபிட்டருக்கோ சொத்துன்னா அது கையில் இருக்கிற வித்தை மட்டும்தான். ஏழு வருஷம் குறைஞ்ச காசுக்கு உழைச்சு சம்பாதிச்ச சொத்து. யார் வேணும்னாலும் அந்த வேலைக்கு வரலாம்னா, அந்த ஏழு வருஷத்துக்கு மதிப்பு என்ன? சான்றிதழ் அவங்களுக்குக் கூலியைக் காப்பாத்துற வேலி.

ரெண்டு பேரும் திறமையைப் பத்தித்தான் பேசினாங்க. ஆனா வளர்ச்சியின் அடுத்த கட்டத்தில் கேள்வியே மாறிடுச்சு. திறமைசாலியை எப்படித் தேர்ந்தெடுக்கிறதுங்கிற பேச்சு போய், திறமைசாலி எதுக்குங்கிற பேச்சு வந்தது.

1868-ல் சொன்ன கணக்கு

1851-ல் இங்கிலாந்தின் இன்ஜினீயரிங் தொழிலாளிகள் ஒருங்கிணைஞ்சு ஒரு பெரிய சங்கமா ஆனாங்க. கட்டாய ஓவர்டைம் வேண்டாம், பீஸ் ரேட் வேண்டாம்னு கேட்டாங்க. மெஷின்களில் பயிற்சி இல்லாத ஆட்களை வைக்கிறதும் சண்டையில் இருந்தது. 1852 ஜனவரியில் முதலாளிகள் ஒண்ணுசேர்ந்து கதவை இழுத்துப் பூட்டினாங்க. லங்காஷயர்லயும் லண்டன்லயும் ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் வெளியே நின்னாங்க. சில மாசத்துல சங்கம் தோத்துப் போச்சு.

தொழிற்சங்கங்களை விசாரிக்க அரசு 1867-ல் ஒரு ஆணையம் அமைச்சது. நாஸ்மித் அதுக்குச் சாட்சியம் கொடுத்தார். அந்த வேலைநிறுத்தங்களோட விளைவா தன் ஆலையில் என்ன மாத்தினேன்னு விளக்கினார். தானா இயங்குற மெஷின்களைக் கொண்டுவந்தேன். இப்போ தொழிலாளி வேலை செய்ய வேண்டியதில்லை, மெஷின் செய்றதை மேற்பார்வை பார்த்தா போதும், அதை ஒரு பையனே பார்ப்பான். கைத்திறமையை மட்டும் நம்பியிருந்த ஒரு வகுப்பே தேவையில்லாமப் போச்சு. வயசுவந்த ஆட்களை 1,500-லிருந்து 750 ஆக்கினேன். லாபம் நல்லா கூடுச்சு. சாட்சியத்தோட சாரம் இதுதான்.

இந்தச் சாட்சியத்தைக் காரல் மார்க்ஸ் 'மூலதனம்' நூலில், மெஷின்களைப் பத்தின அத்தியாயத்தில் எடுத்துக் காட்டியிருக்கார். வேலைநிறுத்தத்துக்கு எதிரா முதலாளிகளின் ஆயுதமா மெஷின் எப்படி வந்ததுன்னு காட்ட, ஒரு முதலாளியின் வாய்மொழியே அவருக்குக் கிடைச்சது.

சுயசரிதையிலும் வேலைநிறுத்தம் வருது. சங்கங்கள் மேல கோபமும் வருது. வேலைநிறுத்தங்கள்தான் மெஷின்களை வளர்த்துச்சுன்னுகூட சொல்றார், ஒரு வகைப் பெருமையோட. ஆனா அந்தப் புத்தகத்தை மூடி வெச்சா மனசுல நிக்கிறது விளக்கு அடுப்பு, மாடித் தளம், குறிப்பேடு, முட்டை. வெளியே போன ஆட்களில் ஒருத்தர் முகம்கூட நிக்காது.

இதுக்கு ஒரு காரணம் அந்தப் புத்தகத்தைத் தொகுத்தவர். சாமுவேல் ஸ்மைல்ஸ். 1859-ல் 'செல்ஃப்-ஹெல்ப்'னு ஒரு புத்தகம் எழுதினவர். இன்னைக்கு ரயில்வே ஸ்டேஷன் கடையில் குவிஞ்சிருக்கிற முன்னேற்ற நூல்களின் ரகத்துக்கே அந்தப் பேர் அங்கிருந்துதான் வந்தது. உழைப்பு, சிக்கனம், விடாமுயற்சி இருந்தா யாரும் மேலே வரலாம்ங்கிறது அவரோட நம்பிக்கை. அவர் கை பட்ட சுயசரிதையில் 10 ஷில்லிங்கில் வாழ்ந்த கதைக்கு நிறைய இடம் கிடைக்கும். 1,500-லிருந்து 750 ஆன கணக்குக்குக் கிடைக்காது.

ரெண்டும் உண்மை

நாஸ்மித் பொய் சொன்னார்னு நான் சொல்ல வரலை. சுயசரிதையும் உண்மை, சாட்சியமும் உண்மை. கேட்கிறவங்க வேற. வாசகர்கள்கிட்ட, நான் எப்படி மேலே வந்தேன்னு சொன்னார். ஆணையத்துக்கிட்ட, தொழில் எப்படி வளர்ந்ததுன்னு சொன்னார். நாம பெரும்பாலும் முதல் கதையைக் கேட்டுட்டு, ரெண்டாவது கேள்விக்கும் பதில் கிடைச்சிடுச்சுன்னு நினைச்சுக்கிறோம்.

ஒரு கஸ்டம் பட்டறை வளரணும்னா, கையில் இருக்கிற திறமை எங்கேயாவது இடம் மாறித்தான் ஆகணும். மெஷினுக்குப் போகும், படத்துக்குப் போகும், அளவுக்கருவிக்குப் போகும். அதுல தப்பு இல்லை. துல்லியமான லேத் இல்லாம ரயில் இல்லை, கப்பல் இல்லை, இன்னைக்கு என் மேஜையில் இருக்கிற லேப்டாப்பும் இல்லை. ஆனா அந்தத் திறமை யார் கையிலிருந்து போச்சோ, அவங்களுக்கு அதுக்கு என்ன கிடைச்சது? 1852-ல் கதவுக்கு வெளியே நின்னவங்க கேட்டது இதைத்தான்.

இன்னொரு முரண் என்னை விடவே மாட்டேங்குது. நாஸ்மித் வித்தை கத்துக்கிட்டது மாட்ஸ்லே பக்கத்தில் நின்னு. கைதேர்ந்த ஒருத்தர் எப்படி அரத்தைப் பிடிக்கிறார், எந்த இடத்துல நிறுத்துறார்னு பார்த்து. மெஷினை மேற்பார்வை மட்டும் பார்த்த பையனுக்குப் பக்கத்துல அப்படி ஒரு மாட்ஸ்லே நிக்கலை. அந்தப் பையன் எந்த ஏணியில் ஏறி இன்னொரு நாஸ்மித் ஆவான்?

சாஃப்ட்வேர் தொழிலில் இருக்கிற நமக்கு இந்தக் கேள்வி இப்போ ரொம்ப கிட்டத்துல வந்திருக்கு. கோடு எழுதித் தர்ற டூல்கள் வந்தாச்சு. எழுதுறதைவிட மேற்பார்வை பார்க்கிற நேரம் கூடிக்கிட்டே போகுது. புதுசா வர்ற ஜூனியர்கள் செஞ்சு கத்துக்கிற சின்னச் சின்ன வேலைகள்தான் முதல்ல மெஷினுக்குப் போகுது. நாம இதுல நாஸ்மித் இடத்துலயும் இருக்கோம், அந்த டர்னர் இடத்துலயும் இருக்கோம். ஆட்டோமேட் பண்றதும் நாமதான், ஆட்டோமேட் ஆகிறதும் நாமதான்.

அப்புறம்

1856 முடிவில் நாஸ்மித் தொழிலை விட்டார். கென்ட் பகுதியில் பென்ஷர்ஸ்ட்ல ஒரு வீடு வாங்கினார். அதுக்கு வெச்ச பேரு 'ஹேமர்ஃபீல்டு'. சுத்தியல் கொடுத்த வீடு! மிச்ச வாழ்க்கையில் வானத்தைப் பார்த்தார். ஜேம்ஸ் கார்பென்டரோட சேர்ந்து நிலவைப் பத்தி அவர் எழுதின புத்தகம் 1874-ல் வந்தது. நிலவோட பள்ளங்களை பிளாஸ்டர்ல மாதிரி செஞ்சு, வெளிச்சம் போட்டுப் படம் எடுத்துச் சேர்த்திருந்தார். தொலைநோக்கியில் ஒளியைப் பக்கவாட்டுல திருப்பி, பார்க்கிறவர் ஒரே இடத்துல வசதியா உட்கார்ந்து பார்க்கும்படி அவர் செஞ்ச அமைப்பு, இன்னைக்கும் ஹவாயில் இருக்கிற கெக் மாதிரிப் பெரிய தொலைநோக்கிகளில் 'நாஸ்மித் ஃபோகஸ்'ங்கிற பேரிலேயே இருக்கு. 1890-ல் இறந்தார்.

அவர் விலகினப்போ பாட்ரிகிராஃப்ட் ஆலையை நடத்தக் கூட்டாளியா வந்தவர் யார் தெரியுமா? அதே ராபர்ட் வில்சன். பிற்பாடு கம்பெனியோட பேரே 'நாஸ்மித், வில்சன்'னு ஆச்சு. அவங்க செஞ்ச ரயில் இன்ஜின்கள் இந்தியாவுக்கும் வந்தன. ரெண்டாம் உலகப் போர் வந்தப்போ அரசு அந்த இடத்தை எடுத்து ஆயுதத் தொழிற்சாலை ஆக்கிடுச்சு. சுத்தியல் கதையில் காணாமப் போன ஒரு பேரு, கடைசியில் கம்பெனிப் பலகையில் ஏறியிருந்தது. மத்த ஆயிரத்துச் சொச்சம் பேரோட பேரு எங்கேயும் ஏறலை.

அடுத்த தடவை ஒரு ஃபவுண்டர் இன்டர்வியூ கேட்கும்போது, ரசிச்சே கேளுங்க. கூடவே ரெண்டு கேள்வி கேட்டுப் பாருங்க. விழுந்தா பிடிக்க யார் இருந்தாங்க? வளர்ந்தப்போ யாரோட வேலை காணாமப் போச்சு?

உங்க வீட்டுல லேத்துல, வார்ப்படச் சாலையில், வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்த பெரியவங்க இருந்தா, மெஷின் மாறினப்போ என்ன ஆச்சுன்னு அவங்ககிட்ட கேட்டு எங்களுக்கு எழுதுங்க. நல்ல கதைகளை இங்கேயே பேசுவோம். அடுத்த எபிசோடில் ஹென்றி மாட்ஸ்லேயையும் அவர் திருகாணிகளையும் பார்க்கலாம். அதுவரை, வணக்கம்.